வரப்பு மேல் ஸ்பானிஷ்

என் வீட்டுக்காரர் அப்போது ஸ்பெயினில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தேசத்தின் தெற்கே, ஒரு பெரிய ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்த ஊர். சுற்றிலும் நெல்வயல். "கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு நம்ம குடவாசல் பக்கம் மாதிரியேதான் இருக்கு. என்ன, வரப்புல ஒரு பனமரம் கெடையாது" என்பார் போனில். அங்கே நாற்றுவிட்டு நடுகிற வழக்கமில்லை, ஏரோப்ளேனில் பறந்துகொண்டே விதைக்கிறார்கள் என்று அவர் சொன்ன அன்று என் நாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை.

நாத்தனார் என்றால் அவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாழப்போன இடம் சரிப்படாமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். ஊரில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர் அவர்தான். "அப்ப கொலவ யாரு போடுவா? ஏரோப்ளேனுக்குக் கஞ்சி தூக்கிட்டுப் போறது யாரு?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓர் ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் ஊர் இருந்தபோது, வீட்டுக்காரரிடமிருந்து அந்த போன் வந்தது. காகிதமெல்லாம் கூடிவந்துவிட்டது, மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ள வழி பிறந்துவிட்டது, எப்படியும் ஒரு வருஷம் பிடிக்கும் என்றார். குரலில் அத்தனை சந்தோஷத்துக்கு நடுவே ஒரு பயமும் இருந்தது.

"மொதல்ல பாஷை. ரெண்டு புள்ளைக்கும் பாஷை வேணும். நான் வந்த புதுசுல எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. பசிச்சா வயித்தத் தடவிக் காட்டுவேன். ஒருத்தன் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கான், நான் சிரிச்சிக்கிட்டே நிக்கிறேன். திட்டுறான்னே தெரியல. நம்ம ஊருல எவ்வளவு வாய் பேசுனவன் நான்! இங்க ஊமையா இருந்தேன். நான் தாங்கிட்டேன், பெரியவன். பள்ளிக்கூடத்துல நம்ம புள்ளைங்க அப்படி ஒக்காரக்கூடாது."

மகளுக்கு அப்போது பதினாலு வயது. மகனுக்கு எட்டு. மகனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சுவரிடம் விட்டாலும் பேசிவிட்டு வருவான். மகள் வேறு மாதிரி. ஒருமுறை இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது ஏதோ தப்பாகிப்போய், வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து தெரிந்த விடையைக்கூடத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிற பிள்ளையாகிவிட்டாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் ஆள்கள் பேசுவதைக் காதில் பிடித்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தால், இறங்குவதற்குள் ஒரு சொலவடையாவது என் மடியில் விழுந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். போனில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறவர்களைப் பார்ப்பேன், சந்தேகத்தை அவரிடம் கேட்பேன். ஒரு பாடம் முன்னால் நான் போவேன், பின்னால் பிள்ளைகள் வரும். அந்தப் பாஷை நம் வாய்க்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. நம் ஞ அதில் இருக்கிறது. ற-வை நம்மைவிட ஆசையாக உருட்டுகிறார்கள். எழுதியபடியே வாசிக்கலாம், இங்கிலீஷ் மாதிரி எழுத்து ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் என்று இழுத்தடிப்பதில்லை.

ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் மாதிரியே நடத்தினேன். ஆளுக்கொரு நோட்டு, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஸ்பானிஷ். மகள் அழகாக எழுதினாள், பரீட்சை வைத்தால் எல்லாம் சரி. ஆனால் "ஆகுவா எடுத்துட்டு வாடா" என்று மகனிடம் சொன்னால் முழிப்பான். தண்ணீர்தானடா அது என்றால், "அது நோட்டுல மூணாவது பக்கத்துல இருக்கும்மா" என்று ஓடிப்போய் எடுத்துக் காட்டுவான். தண்ணீர் மட்டும் வராது.

அண்ணி அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தார். "நோட்டுல நீச்சல் கத்துக்கிட்டு ஆத்துல எறங்குன மாதிரி இருக்குடி இது" என்றார்.

மறுநாள் நோட்டுகளை எடுத்து வைத்துவிட்டேன். அடுப்படியில் ஒரு சட்டம் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எது வேண்டுமானாலும் ஸ்பானிஷில்தான் கேட்க வேண்டும், கேட்காதது இலைக்கு வராது. உப்புக்குச் சால். சோற்றுக்கு அர்ரோஸ், கேட்டதும் "அரிசிதானம்மா இது, சட்டையை மாத்திக்கிட்டு வந்திருக்கு" என்றான் மகன். இன்னும் வேண்டும் என்பதற்கு மாஸ். அவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சினிமாக்காரன் மாதிரி கையைத் தூக்கி "அப்பளம் மாஸ்! ரசம் மாஸ்!" என்று கத்துவான். பள்ளிக்கூடத்துச் சத்துணவு வரிசையிலும் தட்டை நீட்டி முட்டையை ஸ்பானிஷில் கேட்டிருக்கிறான். சத்துணவு ஆயா, "எந்த பாஷையில கேட்டாலும் ஒண்ணுதான் ராசா, நகரு" என்று சொல்லிவிட்டாராம்.

தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்பதற்கு ஆஸ்பத்திரி விளையாட்டு. அண்ணிதான் டாக்டர். தட்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, மகன் எதைச் சொன்னாலும் "சுக்குக் கஷாயம்" என்று எழுதிக்கொடுப்பார். குடவாசலுக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் வருவதற்கெல்லாம் பெயர் சொல்ல வேண்டும், ஆடு, பாலம், சைக்கிள், சிவப்பு, பச்சை. தெரியாததைக் கையில் ஒரு மடக்கு மடக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் அப்பாவிடம் கேட்க வேண்டும். மகள் எல்லாவற்றிலும் கூட வந்தாள், ஒன்றிலும் வாயைத் திறக்கவில்லை. ரசம் வேண்டுமென்றால் கேட்க மாட்டாள். ரசம் இல்லாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

ஊருக்குள் செய்தி பரவியது. டீக்கடையில் கேலி. "ஹிந்தியே வேணாம்னு போர்டுல தாரு பூசுன ஊரும்மா இது. இப்ப ஸ்பானிஷா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அண்ணிக்குப் பதில் தயாராக இருந்தது. "கதவ ஒடச்சிக்கிட்டு வர்றவன் வேற மாமா. நாம கோலம் போட்டுக் கூப்புடுற விருந்தாளி வேற."

அதே கூட்டத்தில் எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரரும் இருந்தார். "அப்ப குடும்பத்தோட கெளம்புறீங்க. நல்லது தங்கச்சி. நெலத்த யாரு பாத்துக்குவா?" என்றார்.

"சாமி பாத்துக்கும். சாமியோட நெலந்தானே" என்று அண்ணி முடித்துவிட்டார்.

சிரித்துக்கொண்டு வந்தோம். ஆனால் அந்தக் கேள்வி என் காதிலிருந்து இறங்கவில்லை. எங்கள் வீடு ஒரு காலத்தில் பண்ணையாள் வீடு. மாமனார் இளவட்டமாக இருந்த நாளில் கூலிக்காகவும் குத்தகைக்காகவும் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. அறுப்புக் காலத்தில் களத்தைச் சுற்றிப் போலீஸ் நிற்கும் என்பார். பிறகு ஆட்சி மாறியது, சட்டங்கள் வந்தன, கோயில் நிலத்தில் மூன்று மாவுக்கு, அதாவது ஒரு ஏக்கருக்கு, குத்தகைதாரர் என்று அவர் பெயர் பதிவானது. சொந்த நிலம் ஆகாது, விற்க முடியாது, ஆனாலும் வரப்பில் நிற்கிறவரை இறங்கு என்று சொல்ல ஒருவராலும் ஆகாது. அவருக்குப் பின்னால் அந்தப் பதிவு என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது. அவர் வெளியே போன பிறகு சேற்றில் கால் வைக்கிற ஆள் நான்.

ஐப்பசியில் கோயில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். குடும்பமே வெளிநாடு போகிறது, நிலத்தில் யாரும் பயிர் செய்யப்போவதில்லை என்று ஒரு மனு வந்திருக்கிறது. யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பதிவு பண்ணுன குடும்பத்துல ஒரு ஆளு நின்னு பயிர் பண்ணணும்மா. நீங்களும் போயிட்டா வெளியாளு பண்றதா ஆயிடும்" என்றார் ஆபீஸ்காரர்.

"எங்க அண்ணி இருக்காங்களே சார். நடவு நட்டே வளந்தவங்க."

"அவங்க பேரு இதுல இல்லையே. சேத்துக்கச் சொல்லி மனு போடுங்க. விசாரிப்பாங்க."

"எவ்வளவு நாளாவும் சார்?"

அவர் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விட்டுடலாமா?" என்றார். உடனே, "வேணாம். எங்கப்பா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பிள்ளைகளைத் தள்ளிப்போடவும் வழியில்லை. வருகிற அனுமதியைக் கெடுவுக்குள் பயன்படுத்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும், மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போனால் அங்கே பள்ளியில் சேர்ப்பதும் சிரமம். ஆக, அடுத்த ஆவணியில் அவர் லீவில் வந்து பிள்ளைகளை மட்டும் கூட்டிப்போவது, அண்ணி பெயர் ஏறிய பிறகு நான் போவது என்று முடிவாயிற்று.

பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னேன்.

"நீ வரலன்னா நானும் போவல. தம்பிய அனுப்பு" என்றாள் மகள்.

"நான் மட்டும் போயி யாரோட சண்ட போடுறதாம்?" என்றான் மகன்.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா மத்தியானம் வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவாரு. யாராவது கதவத் தட்டுனா நான்தான பேசணும்? இவனுக்குக் காய்ச்சல்னா நான்தான சொல்லணும்? நீ இருந்தா நீ பேசுவ. நீ இல்லன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அவள் கேட்டது அத்தனையும் நியாயம்.

அதற்குப் பிறகு சொல்லிக்கொடுப்பது எனக்கு வேறு வேலையாகிவிட்டது. முன்னால் எல்லோருமாக ஓர் இடத்துக்குப் போகச் சோறு கட்டுவது போல இருந்தது. இப்போது இரண்டு பேரை அனுப்பிவிட்டு நான் மட்டும் நிற்பதற்குக் கட்டினேன். ஒரு வார்த்தை அவர்கள் வாயில் நன்றாக உட்கார்ந்தால் சந்தோஷம் வரும், அதன் பின்னாலேயே ஆவணிக்கு எத்தனை மாதம் என்று விரல் மடக்கி எண்ணுவேன். நாற்றங்காலில் நாற்று பறிக்கும்போது வேர் அறுகிற சத்தம் மெல்லக் கேட்கும். பறிக்காவிட்டால் அங்கேயே பழுத்துப்போகும் என்பதும் தெரியும். கை பறித்துக்கொண்டே இருக்கும்.

வழி கேட்கவும் சொல்லவும் வர வேண்டும் என்று வரப்பு விளையாட்டு தொடங்கினேன். ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். பின்னால் வருகிறவர் ஸ்பானிஷில் வழி சொல்ல வேண்டும். வலது, இடது, நேரே, நில். தப்பாகச் சொன்னால் நடக்கிறவருக்குச் சேறுதான். முதல் நாள் மகன் கண்ணைக் கட்டிக்கொண்டான். மகள் சொல்ல வேண்டும். அவள் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவன் நேராகப் போய்க்கொண்டே இருந்தான், வரப்பு திரும்பியது, அவன் திரும்பவில்லை. முழங்காலளவு சேற்றுக்குள் போய் நின்றான்.

"ஏக்கா, சொல்லித் தொலைச்சா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கரையில் நாற்றுமுடி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மகள் அவனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த நாள்களில் எங்கள் வீட்டு வெள்ளாடு ஒன்று விசித்திரமாக நடந்துகொண்டது. மகன் விளையாட்டாக "பென், பென்" என்று ஸ்பானிஷில் வா வா என்றால், மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடி வந்தது. அண்ணி அசந்துபோனார். "ஆடுகூடப் பாஷ கத்துக்கிச்சு. கடைசியில நான் ஒருத்திதான் இங்க கெடக்கப்போறேன் போல." மகன்தான் பழக்கியிருக்கிறான் என்று நினைத்தோம். அவனோ, "நான் இல்ல, அதுவா வருது" என்று சத்தியம் செய்தான்.

ஒரு மத்தியானம் தழை ஒடித்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்தேன். கொட்டகைக்குள் மகளின் குரல். ஆட்டின் எதிரில் குந்தியிருந்தாள். இங்கே வா, உனக்குப் பசிக்கிறதா, தலை வலிக்கிறதா, இது என் தம்பி, அவன் கெட்டவன். எல்லாம் ஸ்பானிஷில். நான் சொல்லிக்கொடுத்தது, நான் சொல்லிக்கொடுக்காதது எல்லாம் இருந்தது. ஒரு வார்த்தை தடுமாறியபோது நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஆடு தழையை மென்றுகொண்டு கேட்டது. அது சிரிக்காது அல்லவா? நான் தழையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். பார்த்ததாக யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட.

தையில் சம்பா அறுப்பு. இப்போதெல்லாம் மிஷின் வந்து அறுத்து, மூட்டை பிடித்து, கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. எடை போட்டு வாங்குகிறார்கள். ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வைக்கிற நெல்லை மரக்காலால் அளந்தால்தான் அண்ணிக்கு மனசு ஆறும். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். ஒன்று என்று வாயைத் திறந்தால் அந்த வருஷம் குதிர் நிறையாது என்பது ஐதீகம். பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்தே வந்தது.

அன்றைக்கு மகன், "நான் ஸ்பானிஷ்ல எண்றேன்" என்றான். அண்ணி மரக்காலை நெல்லில் அழுத்தி, மேலே கோபுரமாகத் தலைகட்டித் தூக்கினார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரருடைய போன் வந்தது, முகம் பார்த்துப் பேசுகிற போன். அங்கே மத்தியானக் கடை திறக்கிற நேரம். பக்கத்தில் கடைக்காரம்மா நின்றார். பருத்த உடம்பு, நரைத்த குட்டை முடி, உரத்த குரல். நெல்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர்கள் ஊரிலும் நெல் அல்லவா, முகம் மலர்ந்து ஏதோ சொன்னார். அதற்குள் உள்ளே அடுப்பில் எதுவோ பொங்க, வீட்டுக்காரர் போனை ஒரு சாடியில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினார்.

அண்ணி மரக்காலைக் கவிழ்த்தார். மகன் கணீரென்று எண்ணினான்.

"லாபம்! தோஸ்! த்ரேஸ்! குவாத்ரோ!"

கடைக்காரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "லாபான்?" என்றார். பிறகு வேகமாகக் கேட்டார். என் காதுக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான்: ஊனோ எங்கே, ஒன்று எங்கே போயிற்று? மகன் திருதிருவென்று விழித்தான். அவனைப் பொறுத்தவரை ஸ்பானிஷிலும் ஒன்று என்று சொன்னால் குதிர் நிறையாது, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். ஐதீகத்துக்கு, குதிருக்கு, லாபத்துக்கு எதற்கும் என்னிடம் வார்த்தை இல்லை. வீட்டுக்காரர் உள்ளே. போனில் அந்த அம்மா காத்திருக்கிறார். எல்லோரும் மகளைப் பார்த்தோம்.

அவள் கையில் பதர் ஒட்டியிருந்தது. அதைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு போனைப் பார்க்காமல், நெல்லைப் பார்த்துக்கொண்டு பேசினாள். நாங்க ஒண்ணு சொல்றதில்ல. ஒண்ணு, தனியா இருக்கு. பாவம் ஒண்ணு. இதுதான் அவளுக்குக் கிடைத்த வார்த்தைகள். "சோலோ. போப்ரே ஊனோ." அப்புறம் இரண்டு கையாலும் நெல்லை அள்ளிக் காட்டினாள். "ப்ரிமேரோ, கோஸா புவேனா." முதலில், நல்ல விஷயம்.

பிறகு கடைக்காரம்மா சிரித்தார். பெரிய சிரிப்பு, கடையே கேட்டிருக்கும். மகளின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். வகுப்பறையில் அன்றைக்கு எப்படிச் சுருங்கியிருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த நெல் விரலிடுக்கில் வழிந்தது.

ஆனால் அந்த அம்மா திரும்பி, பின்னால் மேசை துடைத்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு, "போப்ரே ஊனோ" என்று மகள் சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னார். பிறகு அடுக்கியிருந்த தட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினார். லாபான், தோஸ், த்ரேஸ். மேசை துடைத்த பையனும் சேர்ந்துகொண்டான். மகளைப் பார்த்து இன்னும் ஏதோ கேட்டார். கோழிக்கும் அப்படித்தானா, பிள்ளைக்கும் அப்படித்தானா என்பது போல இருந்தது. மகள், "நோ, நோ, நெல்லுக்கு மட்டும்" என்று ஸ்பானிஷும் தமிழும் கலந்து சொல்லி, தானும் சிரித்துவிட்டாள். வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, தன் மகளும் தன் முதலாளியும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, போனின் ஓரத்திலேயே ஒதுங்கி நின்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் நெல்லைக் கொட்டி மூடிய பிறகு அண்ணி மகளிடம் சொன்னார். "நல்லாப் பாத்துக்கடி. நம்மளப் பாத்துச் சிரிக்கிறவ கண்ண மூட மாட்டா, நம்ம மூஞ்சியப் பாக்கணும்ல. நம்மளோட சேந்து சிரிக்கிறவளுக்குக் கண்ணு தானா மூடிக்கும். அந்தப் பொம்பளைக்குக் கண்ணே தெரியல, பாத்தியா?"

இரவுச் சோற்றின்போது தட்டை என் பக்கம் நகர்த்தி, ஸ்பானிஷில் ரசம் கேட்டாள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் பல நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆனால் தப்பாகச் சொன்னால் முன்பு போல அப்படியே விட்டுவிட்டுப் போவதில்லை. சுற்றி வளைத்து வேறு வழியாக வருவாள். ஒரு வார்த்தை தெரியாவிட்டால் தெரிந்த நான்கை வைத்து முட்டுக்கொடுத்துவிடுவாள். வரப்பு விளையாட்டில் இப்போது தம்பியை இடது பக்கம் திரும்பச் சொல்லி அதட்டினாள். "இஸ்கியேர்தா! இஸ்கியேர்தான்னு சொல்றேன்ல, செவிடா!" அவன் வேண்டுமென்றே சேற்றில் இறங்கி அவளைக் கத்தவைத்தான்.

சித்திரையில் விசாரணைக்கு வந்தார்கள். எங்கள் வயல் வரப்பில் நின்று, யார் உழுகிறார்கள், யார் நடுகிறார்கள் என்று கேட்டார்கள். அடுத்த வயல்காரரும் வந்து நின்றார். அண்ணி அவரைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கண்ணே, போன வருஷம் உங்க வயலுக்கும் நடவு நட்டுக் குடுத்தது யாரு?" என்றார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். முடிவு எப்போது வரும் என்று அவர்களும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மகள் என்னோடு நடந்து வந்தாள். "அத்த பேரு ஏற எவ்வளவு நாளாவும்மா?" என்றாள்.

"தெரியலடி."

"சரி, ஏறுன ஒடனே வந்துடணும். இங்க அத்தகூட ஒக்காந்து கத பேசிக்கிட்டு இருக்கக்கூடாது" என்றாள். போகமாட்டேன் என்று அவள் பிறகு சொல்லவே இல்லை. நானும் கேட்டு உறுதிசெய்துகொள்ளவில்லை. சில விஷயங்களைத் தொட்டுப் பார்த்தால் கலைந்துவிடும்.

ஆவணியில் திருச்சியில் விமானம் ஏறினார்கள். மகன் அழுதான், வீட்டுக்காரர் அழுதார், அண்ணி மூக்கைச் சிந்தி முந்தானையால் துடைத்தார். மகள் பாஸ்போர்ட்டுகளைத் தன் பையில் வைத்துப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டாள். நான் வீடு வந்து சேர்ந்து, இரண்டு பேருக்குச் சமைக்கிற அளவு தெரியாமல் பானை நிறைய வடித்து வைத்தேன்.

முதல் சில வாரங்கள் கடினமாக இருந்தன. தினமும் பேசுவாள், ஆனால் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் "ம்" என்பாள். அவர்கள் ரொம்ப வேகமாகப் பேசுகிறார்களாம், வார்த்தையின் கடைசியில் வருகிற ஸ்-ஸை விழுங்கிவிடுகிறார்களாம். நான் போனில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஸ்பானிஷ், அங்கே காதில் விழுவது ஒரு ஸ்பானிஷ். "இன்னிக்கு யாருகூடப் பேசுன?" என்று கேட்டால், "தம்பிகூட" என்பாள். போனை வைக்கவும் விடமாட்டாள். வைக்கலாமா என்றால், "இரு, இன்னும் கொஞ்ச நேரம்" என்று ஒன்றும் பேசாமல் வைத்துக்கொண்டிருப்பாள். நானும் காதில் வைத்தபடியே அடுப்பைக் கவனிப்பேன். நடுவில் ஒருநாள் மகனுக்குக் காய்ச்சல் வந்து, அவள் தனியாக அழைத்துப்போய் மருந்து வாங்கிவந்தாள் என்பதை வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்ல" என்று முடித்துக்கொண்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பேச ஆள் கிடைக்காமல் பேசத் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஐப்பசி பிறக்கிற சமயம். இங்கே நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ எனக்குச் சேறுக்கு என்ன சொல்லிக்குடுத்த?"

"பார்ரோ. ஏன்?"

"தப்பு. தெருவுல இருக்குற சேத்துக்குத்தான் அது. வயல் சேத்துக்கு ஃபாங்கோன்னு சொல்லணும். இங்க அறுப்பு முடிஞ்சதும் தாளோட தண்ணி விட்டு, டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் போட்டு ஒழவு ஓட்டுறாங்கம்மா. நம்ம தொளி ஒழவு மாதிரியே. அவங்க அப்பாதான் ஓட்டுறாரு."

"எவங்க அப்பா?"

"எங்க கிளாஸ்ல ஒருத்தி. சனிக்கெழம என்னை அவங்க வயலுக்குக் கூட்டிட்டுப் போனா. கொக்கு கூடக் கூட்டமா வருது, டிராக்டர் பின்னாடியே. நம்ம ஊரு கொக்கு மாதிரி பயப்படல. நான் செருப்பக் கழட்டிட்டு எறங்குனேன், அவ எறங்க மாட்டேங்குறா. பயந்தாங்கொள்ளி! நான்தான் கையப் புடிச்சு எறக்குனேன். அப்ப பார்ரோன்னு சொன்னேன், அவ சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"ம். கண்ண மூடிக்கிட்டு."

என் பாடம் தப்பு என்று என்னிடமே திருத்துகிறாள். திருத்திக்கொடுக்க அவளுக்கு அங்கே ஓர் ஆள் கிடைத்துவிட்டது. இனி அவள் பேச்சு என் காதுக்கு முந்தி வேறு காதுகளுக்குப் போகும். அதற்காகத்தானே இத்தனையும். ஆனாலும் கண்ணில் நீர் நின்றது, அதைச் சந்தோஷம் என்று மட்டும் சொன்னால் பொய்.

வாய்க்கால் மேட்டிலிருந்து அண்ணி கூப்பிட்டார். "ஏண்டி, தண்ணி வந்துட்டு! மடையத் தொற!"

"இரு அண்ணி, புள்ள பேசுது!"

போனில் மகளுக்கும் அது கேட்டிருக்கிறது. அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்பிள்ளை அவள் பெயரைக் கூப்பிட்டது. வாய்க்குப் பழகாத பெயரை நீட்டி, முறுக்கி, அழகாகக் கூப்பிட்டது.

"நீ போம்மா. முறத் தண்ணி போயிடப் போவுது" என்று சொல்லி, மகள் போனை வைத்தாள்.